இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சனிக்கிழமை



சென்ற இரண்டு வாரங்களாக இப்பக்கத்தில் தியானம் வரவில்லை. உங்களில் சிலர் தொலைபேசியில் அழைத்து என் உடல்நலத்தை விசாரித்தீர்கள். உடலுக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டிய காரியம் ஒன்று கையில் இருந்தது. அதை எழுதுவதற்கு ஒரு தாயின் சம்மதமும் அவருடைய மகனின் சம்மதமும் எனக்குத் தேவைப்பட்டன. இருவரும் இதை வாசித்துவிட்டார்கள். மகன் இரண்டு எண்களைத் திருத்திக் கொடுத்தான். தாய் எதையும் திருத்தவில்லை.

முண்டியம்பாக்கத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கு எங்கள் சாலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலை விக்கிரவாண்டியைக் கடந்து எங்கள் ஊர் வழியாகவே விழுப்புரத்தை அடைகிறது. சாலையோரம் சர்க்கரை ஆலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவும் பகலும் ஆலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றின் பின்னால் சென்னைக் கார்கள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும். மருத்துவமனையின் பிணவறை வாசலில் நான் நின்ற இரவுகளை எண்ணிப் பார்த்ததில்லை.

அப்படி ஒரு இரவு 2019 நவம்பரில். எங்கள் சபையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன், வயது இருபத்தொன்பது, காய்கறி ஏற்றும் சிறு சரக்கு வண்டி வைத்திருந்தான். நம் பக்கத்தில் குட்டியானை என்பார்களே, அது. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் விளக்கில்லாமல் போன கரும்பு டிராக்டரைக் கடைசி நேரத்தில் பார்த்து பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய் அதன் அடியில் புகுந்தது. அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன்.

அவனுடைய தம்பி ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கி, பழைய ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் கார் ஒன்றை வாங்கினான். இரண்டு லிட்டர் டர்போ என்ஜின், 230 குதிரைத்திறன். பார்வைக்குக் குடும்பத்தோடு திருமணத்துக்குப் போகும் கார் போலத்தான் இருக்கும். அதை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து தாய்க்குத் தூக்கமில்லை. ஒரு நாள் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, “ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரியவனைத்தான் ரோட்டுக்குக் கொடுத்துட்டேன்” என்றார்.

நான் சொல்லிப் பார்த்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு முறை வந்து பாருங்க ஐயா. அப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்” என்றான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் ஓட்டப்பந்தயத்தைப் பற்றி எழுதியதை எத்தனையோ ஆண்டிறுதி ஆராதனைகளில் நான் பிரசங்கித்திருக்கிறேன். கொரிந்துவுக்கு அருகே இஸ்த்மியப் போட்டிகள் நடந்ததை இறையியல் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் விளக்கமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு பந்தயத் தளத்துக்குள் ஐம்பத்தாறு வயதுவரை நான் கால் வைத்ததில்லை. மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பின் இருக்கைகளை மடித்து நான்கு டயர்களைச் சக்கரத்தோடு அடுக்கியிருந்தான். கார் முழுவதும் புது ரப்பர் வாசனை. திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலில் திரும்பி ஒரகடம் வழியாகப் போகும்போது பொழுது விடிந்தது. அன்றைய வேலை பந்தயம் அல்ல, டயரைச் சோதிப்பதுதான் என்று வழியில் விளக்கினான். அந்த நான்கும் ‘செமி ஸ்லிக்’ டயர்கள். முழுப் பந்தய டயரில் வரிப்பள்ளமே இராது, மொழுமொழுவென்று இருக்கும். சாதாரண டயரில் நிறையப் பள்ளங்கள் இருக்கும். இது இரண்டுக்கும் நடுவில்: நான்கைந்து பள்ளங்கள் மட்டும். டோயோவின் ஆர்888ஆர், யோகோஹாமாவின் ஏ052, மிஷ்லினின் கப் 2 எல்லாம் இந்த வகைதானாம். டயரின் பக்கச் சுவரில் ‘ட்ரெட்வேர்’ என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். எண் குறையக் குறைய ரப்பர் சீக்கிரம் தேயும். அவனுடைய சாதாரண டயரில் 320, இதில் 100. விலை அதிகம், ஆயுள் குறைவு. “அப்படியானால் எதற்கு?” என்றேன். “பிடிக்கும் ஐயா” என்றான். எனக்குப் பிடிக்கும் என்கிறானா, தரையைப் பிடிக்கும் என்கிறானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990இல் திறக்கப்பட்டது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை அமைத்தது. இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். நீளம் 3.7 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், பன்னிரண்டு திருப்பங்கள். அதற்கு முன் பந்தயங்கள் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. மக்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் எதிர்பார்த்தது ஆரவாரம். கண்டது வேறு. உள்ளே நுழைந்ததும் தலைக்கவசம் முதல் பேட்டரி இறுக்கம் வரை சோதித்தார்கள். காருக்குள் உருளக்கூடிய தண்ணீர் பாட்டிலைக்கூட வெளியே எடுக்கச் சொன்னார்கள். கொடிகளின் பொருளை நின்று கேட்டுப் போக வேண்டும். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி காட்டினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மெதுவாக உள்ளே வர வேண்டும். எங்கள் நெடுஞ்சாலையில் இந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் பிணவறை வாசலில் எனக்கு வேலை குறையும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தான். பிரசங்கக் குறிப்பு எழுதும் என் நோட்டில் அவன் சொல்லும் எண்களை எழுத வேண்டும். முதலில் சாதாரண டயரில் ஐந்து சுற்று. இது ஒப்பிடுவதற்காக. பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி நான்கு சக்கரங்களையும் மாற்றினான். புது டயரில் காற்றைக் குளிர்ந்த நிலையில் 28 பிஎஸ்ஐ வைத்தான். அந்தக் காருக்கு 28 குறைவில்லையா என்றேன். “சூடானால் தானாக ஏறும் ஐயா” என்றான்.

முதல் சுற்றில் கார் தடுமாறியது. வலப்புறம் வளையும் முதல் திருப்பத்தில் முன்பகுதி வெளியே இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன், அடிவயிறு கலங்கியது. நோட்டில் ஒன்றும் எழுத முடியவில்லை. பழைய டயரைவிட இது மோசம் அல்லவா? ஆனால் அந்த ரப்பர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்காதாம். சாலையின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் நெகிழ்ந்து இறங்கினால்தான் பிடிப்பு. இறங்குவதற்குச் சூடு வேண்டும். இரண்டு சுற்று மெதுவாக ஓட்டிச் சூடேற்றியபின் மூன்றாம் சுற்றில் கார் தண்டவாளத்தில் போவது போலப் போயிற்று. சாதாரண டயரைவிட ஏறத்தாழ 4 வினாடி குறைவு. நான்காம் சுற்றும் அப்படியே. ஐந்தாவதில் அளவுக்கு மீறிச் சூடாகி மறுபடி வழுக்கத் தொடங்கியது.

உள்ளே வந்ததும் இறங்கி ஓடிவந்து, ஊசி போன்ற வெப்பமானியை டயரில் குத்தி எண்களைச் சொன்னான். ஒவ்வொரு டயரிலும் மூன்று இடம்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். முன் இடது டயரில் உள்ளே 76, நடுவில் 83, வெளியே 91. காற்று 28இலிருந்து 36 ஆகியிருந்தது, 33க்கு இறக்கினான். வலப்புறத் திருப்பங்களில் காரின் பாரம் முழுவதும் அந்த ஒரு டயரின் வெளி ஓரத்தில் சாய்கிறது. வேலை செய்யும் இடம் சூடாகிறது. அடுத்த முறை சக்கரத்தின் சாய்வைச் சற்று மாற்ற வேண்டும் என்றான். அந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு, கண்ணால் பார்க்காத திருப்பத்தில் டயருக்கு என்ன நேர்ந்தது என்பதை அவன் வாசித்த விதம் எனக்கு வியப்பாக இருந்தது. மூல மொழியில் ஒரு வினைச்சொல்லின் காலத்தை வைத்து எங்கள் பேராசிரியர் ஒருவர் வசனத்தைத் திறந்து காட்டுவார். அவர் நினைவுக்கு வந்தார்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினான். ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை ஏறக்குறைய 1,500 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 375 கிலோ. 32 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு சுமார் 165 சதுர சென்டிமீட்டர்தான். என் உள்ளங்கையை விரித்துத் தரையில் வைக்கச் சொன்னான். “இவ்வளவுதான் ஐயா. இப்படி நாலு. இதை நம்பித்தான் எல்லாரும் போறாங்க.”

மதியம் புளிச்சாதம் சாப்பிடும்போது, நம் ஊர்க்காரர் யாராவது இதில் பெரிதாக வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். நரேன் கார்த்திகேயனைச் சொன்னான். கோயம்புத்தூர்க்காரர், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஆனால் அவன் சொல்ல விரும்பியது அதையல்ல. அந்த வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சரிவாக அமைந்த பதின்மூன்றாம் திருப்பத்தில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் செயலிழந்து கார் சுவரில் மோதியது. அது மிஷ்லின் டயர். அந்த நிறுவனம் ஆராய்ந்துவிட்டு, இந்தத் தளத்தில் முழு வேகத்தில் ஓட எங்கள் டயருக்கு உறுதி தர இயலாது என்று தன் ஏழு அணிகளுக்கும் சொல்லிவிட்டது. திருப்பத்துக்கு முன் வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைக்கக் கேட்டார்கள். நிர்வாகக் குழு மறுத்தது. ஞாயிறன்று இருபது கார்களும் அணிவகுப்புச் சுற்று வந்தன. சுற்றின் முடிவில் மிஷ்லின் அணிகளின் பதினான்கு கார்களும் வரிசையாக உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. மக்கள் கூச்சலிட்டார்கள், பாட்டில்களை வீசினார்கள். பின்னர் மிஷ்லின் நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

“அவங்க பேர் கெட்டுப்போச்சு ஐயா. ஆனா ஒருத்தரும் சாகலை” என்றான். பிறகு சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டான். அவன் யாரை நினைத்து அதைச் சொன்னான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மாலை நான்கு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. நாங்கள் புறப்பட வேண்டிய நேரம். அவன் மறுபடியும் ஜாக்கியை எடுத்தான். நான்கு சக்கரங்களையும் கழற்றிச் சாதாரண டயர்களை மாட்ட வேண்டுமாம். உடல் வியர்வையில் நனைந்து, கைகள் கறுத்து, களைத்துப் போயிருந்தான். எனக்கோ மறுநாள் ஞாயிறு. பிரசங்கம் பாதியில் நின்றிருந்தது. “தம்பி, மழை வராமலும் போகலாம். மெதுவாகப் போய்விடலாமே. இந்த டயரில் சாலையில் போகச் சட்டத்தில் தடையில்லை என்றாயே” என்றேன்.

அவன் நிமிரவில்லை. ஸ்பேனரைச் சுற்றிக்கொண்டே விளக்கினான். பள்ளங்கள் இருப்பது தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக. பள்ளம் குறைந்தால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு போல நுழைந்து காரைத் தூக்கிவிடும். 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் விமானச் சக்கரங்களுக்காக இதைக் கணக்கிட்டார்கள்; அந்தச் சூத்திரப்படி, ஆழமாகத் தேங்கிய நீரில் 32 பிஎஸ்ஐ காற்றுள்ள வழுவழுப்பான டயர் மணிக்கு 94 கிலோமீட்டர் வேகத்திலேயே தரையை முழுவதும் விட்டுவிடும். அதற்கு வெகு முன்பே பிரேக் பிடிக்காது. இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமலிருந்தான். பிறகு, “அண்ணன் வண்டியில ஒரு மில்லிகூட இல்லை ஐயா. நீங்களும் பாத்தீங்க” என்றான்.

வாசகரே, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் பார்த்தேன். விபத்துக்கு மறுநாள் காலை, நொறுங்கிய வண்டியைக் காவல் நிலைய வாசலில் போட்டிருந்தார்கள். நானும் அவனும் நின்றுகொண்டிருந்தோம். பின் டயர் மேலே திரும்பியிருந்தது. என் கை தானாக அதைத் தடவியது. மொட்டை. டயருக்குள்ளேயே 1.6 மில்லிமீட்டரில் ஓர் அடையாளம் வார்த்திருப்பார்கள், அதைத் தொட்டுவிட்டால் டயரை மாற்ற வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்த டயரில் அடையாளமே தேய்ந்துபோயிருந்தது. அன்று பிற்பகல் கல்லறைத் தோட்டத்தில் நான் என்ன பேசினேன்? கர்த்தர் தம் சித்தத்தின்படி, தாம் குறித்த நேரத்தில் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டார் என்று பேசினேன். அழகாகப் பேசினேன் என்று பலர் கை குலுக்கினார்கள்.

எனக்கு வேறு என்ன தெரிந்திருக்க வேண்டும்? லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற முடிவுக்கு மக்களைப் போகவிடாமல் ஆண்டவர் தடுக்கிறார். கோபுரத்தைத் தேவன் தள்ளினார் என்றும் அவர் சொல்லவில்லை. இந்தப் பகுதியைப் பற்றி அரசரடியில் படிக்கும்போது பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனாலும் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, அழுதுகொண்டிருந்த தாயைப் பார்த்து, கையிலிருந்த எளிய சொல்லை எடுத்துக்கொண்டேன். டயர் நிறுவனம் ஒன்று ஒரு மைதானம் நிறைந்த மக்களுக்கு முன்னால் தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று சொன்னதை, ஒரு சிறு கல்லறைத் தோட்டத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த இளைஞன் அன்று என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆறு ஆண்டுகளாக ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மழை வந்தது. மதுராந்தகத்தைத் தாண்டியதும் கண்ணாடியில் ஒன்றும் தெரியாத அளவுக்குக் கொட்டியது. எழுபதுக்கு மேல் அவன் போகவில்லை. எங்களைக் கடந்துபோனவர்கள் தண்ணீரை வாரி இறைத்தார்கள். அந்த இடம் வந்தபோது வேகத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “அம்மாகிட்ட பேசுங்க ஐயா” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் ஆராதனைக்குப் பின் முதல் வேலையாகச் சபைக் காரின் டயர்களைக் குனிந்து பார்த்தேன். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தான்: முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. எங்கள் காரில் 1817. அதாவது 2017ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரம். பள்ளம் நன்றாகவே இருந்தது. ஆனால் ரப்பர் இறுகி, ஓரமெல்லாம் வெடிப்பு. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளை அதில் ஏற்றிக்கொண்டு போன மாதம்தான் ஏற்காடு போய் வந்தோம். பொருளாளர் முணுமுணுத்தார், மாற்றியாயிற்று.

பிறகு அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அன்று டயரைத் தொட்டுப் பார்த்ததையும், பார்த்ததை மறைத்துக் கர்த்தரின் மேல் போட்டுப் பேசியதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், அல்லது அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். முந்தானையைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

“டயர் மாத்தணும், எட்டாயிரம் குடும்மான்னு கேட்டான் ஐயா. அந்த மாசம் சீட்டு எடுத்ததும் தரேன்னு சொன்னேன். சீட்டு இருபதாம் தேதி. அவன் போனது பதினாலு.”

நான் ஒன்றும் பேசவில்லை.

“அன்னிக்கே உங்ககிட்ட சொல்லி அழணும்னு இருந்தேன். நீங்க சாமி கூப்பிட்டுக்கிட்டாருன்னு சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது? சாமி பண்ணின காரியத்துல போயி என் சீட்டுக் காசைப் பேசறதா?”

ஆறு ஆண்டுகள், வாசகரே. ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வரிசையில் அவர் அமர்ந்திருந்தார். நற்கருணையை என் கையிலிருந்தே வாங்கினார்.

அன்று வெகுநேரம் அங்கே இருந்தேன். அவர் பேசினார், பெரியவன் பிறந்ததிலிருந்து பேசினார். நடுவில் ஜெபித்தோமா என்றால், கடைசியில்தான் ஜெபித்தோம், அதுவும் அவர்தான் ஜெபித்தார். சின்னவனைப் பந்தயத் தளத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னீர்களே, நான் என்ன சொல்லட்டும் என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

“அவன் வண்டி டயருல எவ்வளவு இருக்கு ஐயா?” என்று கேட்டார்.

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வருவதற்காக மாட்டிய டயர்களையும் அவன் அளந்து சொல்லியிருந்தான், நான் எழுதியிருந்தேன். முன் இரண்டும் ஆறு மில்லிமீட்டர், பின் இரண்டும் ஆறரை. வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.